ஐந்து நாள் தியானம்

"தியானத்துக்குப் போறவங்களுக்கு எதுக்கு மம்மி கூலிங் கிளாஸ்?"

மகன் மைக்கேல்ராஜ் கேட்டதும் லீனாவுக்குக் குப்பென்று வியர்த்தது.

"தியான மையம் இருக்கற சந்தாபுரா ரோட்டுல ஒரே தூசிப்பா. கண்ணுக்கு ஆகாது."

"அஞ்சு நாளும் ஜெபம்தானா?"

"ஜெபம், உபவாசம், மௌனம்" என்றார் ஜெயராஜ், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

"சரி டாடி. மாத்திரையை மறக்காதீங்க. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணுவேன்."

அவன் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பினான். கேட் சாத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், லீனா அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு காரின் ஸ்பேர் சாவியை எடுத்தாள்.

இன்னொரு சாவி மகனிடம். ஆறு மாதத்துக்கு முன்னால் ஜெயராஜுக்கு ஸ்டென்ட் வைத்த அன்றே பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது டாக்டரே தாராளமாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். மகன்தான் மசியவில்லை. "ஸ்டியரிங்கைத் தொட்டீங்கன்னா அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று கத்தினான்.

ஜெயராஜ் பெங்களூரில் முப்பத்தோரு வருஷம் சிட்டி பஸ் ஓட்டியவர். சிவாஜிநகரில் கிளம்பி, ஊரைச் சுற்றி, மறுபடி சிவாஜிநகரிலேயே வந்து நிற்கிற வேலை. "ஒரு நாளாவது திரும்பாம நேரா போய்ப் பாக்கணும் லீனா" என்பார். ரிட்டையராகியும் அந்த நாள் வரவில்லை. அதனால் லீனாவே திட்டம் போட்டாள்.

மறுநாள் காலை, ரிச்சர்ட்ஸ் டவுன் பனியில் பழைய ஆல்ட்டோ உறுமிக்கொண்டு கிளம்பியது.

"ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டோமேங்க."

"திரும்பி வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம். இப்ப பெல்ட்டைப் போடு."

நெலமங்கலம் டோல்கேட் தாண்டியதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கூலுக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் மாதிரி காரணமே இல்லாமல் சிரித்தார்கள்.

ஹளேபீடு கோயில் சுவரில் ஜெயராஜ் கல் யானைகளை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டில் லீனா பேச்சுக் கொடுக்க, கணக்கு தவறி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டாம் நாள் முள்ளய்யனகிரி உச்சி. காற்று ஆளைத் தூக்கியது. சரியாக ஆறு மணிக்கு போன்.

"என்ன மம்மி, காத்துச் சத்தம்?"

"ஃபேன்பா."

"டிசம்பர் குளிர்லயா?"

"ஃபாதருக்கு ரொம்ப வேர்க்கும்."

மூன்றாம் நாள் ஜோக் நீர்வீழ்ச்சி. அருவிக்கு எதிரே நின்று ஜெயராஜ் "ஹோ...!" என்று கத்த, பக்கத்திலிருந்த காலேஜ் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். அந்த நேரம் பார்த்து போன்.

"டாடிகிட்ட குடுங்க மம்மி."

"டாடி மௌன விரதம்பா."

"ஹோ...!"

"அது யாரு?"

"அது வேற ஒருத்தர். ரொம்பப் பாவம் பண்ணினவராம்."

மறுமுனையில் மகன் ரொம்ப நேரம் இருமினான்.

சிரித்து ஓய்ந்த பிறகு லீனாவுக்கு நெஞ்சு உறுத்தியது. "பாவங்க அவன். நம்மளை நம்பிட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்கான்."

"நல்லவன்தான். ஆனா ஜெயிலர்" என்றார் ஜெயராஜ்.

நான்காம் நாள் முருடேஸ்வர். கடலைப் பார்த்ததும் ஜெயராஜ் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கியவர்தான். ஒவ்வொரு அலைக்கும் ஒரு குதி. லீனா இரண்டு ஜோடி செருப்பையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றாள். மணி ஆறு.

"என்ன மம்மி, ஒரே இரைச்சலா இருக்கு?"

"எல்லாரும் சத்தமா ஜெபம் பண்றாங்கப்பா."

"டாடி?"

"முன்வரிசையில இருக்காரு."

"சரி. முன்வரிசையிலேர்ந்து ரெண்டடி பின்னாடி வரச் சொல்லுங்க. பெரிய அலை வருது."

லீனாவின் கையிலிருந்து செருப்புகள் தண்ணீரில் விழுந்தன. திரும்பிப் பார்த்தாள்.

இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், காதில் போனும் நாலு நாள் தாடியுமாக மைக்கேல்ராஜ் நின்றிருந்தான். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது.

"டேய்... நீ எப்படிடா?"

"நம்ம கார் டோல்கேட் தாண்டினா மெசேஜ் என் போனுக்குத்தான் வரும் மம்மி. முதல் நாள் காலையிலயே வந்துருச்சு."

ஜெயராஜ் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, மிரட்சியோடு நின்றார். பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்துத் தானாகவே நீட்டினார்.

"அவரைத் திட்டாதே. திட்டமெல்லாம் என்னுது" என்று லீனா குறுக்கே வந்தாள்.

மைக்கேல்ராஜ் சாவியை வாங்கவில்லை. அப்பாவின் விரல்களை மடக்கி, அதைத் திரும்ப அவர் கைக்குள்ளேயே வைத்தான்.

"திட்டி இழுத்துட்டுப் போகத்தான் வந்தேன் டாடி. ஹாசனுக்கு முன்னாடியே உங்களைப் பிடிச்சுட்டேன். பக்கத்துல வந்து ஹார்ன்ல கை வைக்கறேன், மம்மி கை தட்டறாங்க, நீங்க கழுத்து நரம்பு புடைக்கப் பாடறீங்க. நான் பொறந்ததுலேர்ந்து நீங்க பாடிப் பார்த்ததே இல்ல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அதான் நாலு நாளா உங்க பின்னாலயே நாப்பது ஸ்பீடுல வர்றேன், எந்த லாரிக்காரனும் ஹார்ன் அடிச்சு உங்களை அவசரப்படுத்தக் கூடாதுன்னு."