பேரம் பேசாத வீட்டுக் கடிகாரம்

எங்கள் வம்சத்தில் யாரும் பேரம் பேசியதில்லை. கீரைக்காரியிடம் விலை குறைத்துக் கேட்ட மருமகளை அதற்காகவே ஒருமுறை கண்டித்திருக்கிறேன். பாட்டனாரின் சுவர்க்கடிகாரத்தை இணையத்தில் விற்க வைத்தபோதும் இந்தப் பெருமையை விளம்பரத்தின் முதல் வரியாக எழுதினேன்.

திரையில் வந்த கோயம்புத்தூர்ப் பெண் வெண்ணிலா, கண்ணாடியில் கீறல் என்றாள். பிறகு பெண்டுலம் மங்கல் என்றாள்.

"சொன்ன விலைதாம்மா. எங்க வீட்டுல பேரம்ங்கிற பேச்சே கிடையாது."

"சரிங்கய்யா. கடிகாரத்தைக் கொஞ்சம் பேச வைங்க."

இப்போதெல்லாம் ஒரு பழைய பொருள் அந்தக் காலத்தில் கேட்ட பேச்சைக் கேட்டுப் பார்க்காமல் யாரும் அதை வாங்குவதில்லை. மடியில் கனமில்லாத துணிச்சலோடு பொருளில் பதிந்த பேச்சைத் திரும்ப ஒலிக்கும் கேட்புக்கருவியைக் கடிகாரத்தின்மேல் வைத்தேன். அதை வாங்கிய நாளில் கடிகாரக் கடையில் நின்று பாட்டனார் பேசியது கேட்டது.

"முள்ளு வளைஞ்சிருக்குவே. பாதி விலைக்குத் தாரும். மாட்டுததுக்கு ஆணியும் சும்மா தந்துரும். எங்க வீட்டுல யாரும் கேட்டா மட்டும், சொன்ன விலைக்கே வாங்கினாருன்னு சொல்லணும், என்ன?"

வெண்ணிலா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "எனக்கும் ஆணி வேணுங்கய்யா" என்றாள்.

நல்லவேளை, மருமகள் சந்தைக்குப் போயிருந்தாள். இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"பாதி விலைக்கே எடுத்துக்கோம்மா. ஆணியும் தாரேன். எடுக்க வரும்போது எம் மருமக கேட்டா மட்டும், சொன்ன விலைக்கே வாங்கினேன்னு சொல்லணும், என்ன?"