ஜன்னலோரத்தில் தொலைந்த தாளம்

"முகத்தப் பாத்துப் பேசுங்க" என்றார் டான்ஸ் டீச்சர்.

வயர்களுக்குள் தலையை விட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்த சவுண்ட் மெக்கானிக் நிமிர்ந்தார். பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிய நாட்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"ஒண்ணுமில்ல மேடம். சப்வூஃபர் பெட்டி நல்லாத்தான் இருக்குன்னேன். ஹால் முழுக்க அதிருதே."

"முழுக்க இல்ல. ஜன்னல்கிட்ட தாளம் செத்துப்போகுது. அங்க போனாலே எனக்கு அடி தப்புது. பிள்ளைங்க என்னப் பாத்துத்தான் ஆடுறாங்க, அவங்களுக்கும் தப்புது. சனிக்கிழமை இந்த ஹால் கமிட்டிக்காரங்க பாக்க வர்றாங்க. அன்னைக்கும் தப்பினா கிளாஸை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

தன் காலைச் சொல்லாமல் பெட்டியைக் குறை சொல்லும் ரகம் என்று மெக்கானிக் முடிவு கட்டினார். பதினெட்டு வருஷ அனுபவம் சும்மா விடுமா?

"கண்ண மூடிக்கிட்டு நடங்க மேடம். எங்க தொலையுதோ அங்க நில்லுங்க."

தாளத்தை ஓடவிட்டு, சத்தம் அளக்கும் மீட்டரோடு பின்னாலேயே போனார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைத் தரையில் மெல்ல நடந்தார். ஜன்னலுக்கு மூன்றடி முன்னால் நின்றார்.

"இங்க."

மீட்டர் முள்ளும் மிகச்சரியாக அங்கேதான் படுத்துக்கொண்டது. மெக்கானிக் முகத்தில் அசடு வழிந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி மேடம். சத்தம் சுவத்துல மோதித் திரும்புதுல்ல, போறதும் வர்றதும் இந்த எடத்துல அடிச்சுக்கிட்டு ரெண்டுமே இல்லாமப் போயிடுது."

"சத்தத்தக் கூட்டி வச்சா?"

"மூலையில காது கிழியும், இங்க அப்பவும் சப்புன்னுதான் இருக்கும். எதிர்ச் சுவத்துல இன்னொரு சப்வூஃபர் வைக்கணும். இது விட்ட எடத்த அது பிடிச்சுக்கும்."

வேனிலிருந்து இரண்டாவது பெட்டி வந்தது. எதிர்ச் சுவரின் நடுவில் வைத்தார். ஒரு முழம் நகர்த்தி மீட்டரைப் பார்த்தார், திருப்தியில்லாமல் மறுபடி நகர்த்தினார்.

டீச்சர் மீண்டும் கண்ணை மூடி நடந்தார். ஜன்னலோரம் வந்தும் நிற்கவில்லை. அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி ஆடிக்கொண்டே போனார். ஓர் அடிகூடத் தப்பவில்லை.

"சனிக்கிழமை தாராளமா வரட்டும்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெக்கானிக்குக்கும் மனசு நிறைந்துபோனது. தாளத்தை நிறுத்திவிட்டு, கருவிகளைப் பையில் போட்டபடியே மனதாரச் சொன்னார்:

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு காத நான் பாத்ததே இல்ல மேடம்."

டீச்சர் திரும்பவில்லை. மெக்கானிக் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் பதில் இல்லை. நல்ல வார்த்தை சொன்னால்கூட இத்தனை பிகுவா என்று அவருக்குச் சுருக்கென்றது.

வாசலில் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் தங்கை எழுந்து வந்து, பலகைத் தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினாள். டீச்சர் சட்டென்று திரும்பினார்.

"இப்ப முகத்தப் பாத்துச் சொல்லுங்க சார்" என்றாள் தங்கை. "அக்காவுக்குக் காது கேக்காமப் போயி ஆறு வருஷமாச்சு."