வெள்ளிக்கிழமைப் பொட்டு

வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவிய பிறகு, மாசிலாமணி இறந்துபோன மனைவியின் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினார். சட்டம் உடையவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் முகத்தைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. வெளிறிய தாளின் அடியில் புடவையின் பச்சை கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். மற்ற படங்களெல்லாம் பீரோவுக்குள் ஊறிக் கூழாகிவிட்டன. வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, குங்குமம் தொட்ட விரலைக் கண்ணாடியருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். நெற்றி எங்கே இருந்தது என்று தெரியவில்லை. வாராவாரம் வைத்த பொட்டு, விரலுக்காவது இடம் தெரிந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விரல் நகரவில்லை. சேறு அள்ள வாங்கிப்போன மண்வெட்டியைத் திருப்பித் தர வந்த எதிர்வீட்டு ரெஜினா வாசலிலிருந்து பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் மேலண்ணே” என்றாள். பிறகு அவளுக்கே சந்தேகம் வந்தது. “இல்ல, அக்கா அந்தப் படத்துல தலையை லேசா சாய்ச்சிருப்பாங்கல்ல. எந்தப் பக்கம்ணே?” மாசிலாமணி தன் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார், பிறகு மறுபக்கம் சாய்த்தார். ரெஜினா மண்வெட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் டீ கொண்டுவந்தபோது குங்குமக் கிண்ணம் காலியாக இருந்தது. கண்ணாடி முழுக்க, மேலே, கீழே, ஓரங்களில், சட்டத்தின் மரத்தில்கூடப் பொட்டுகள். “என்னண்ணே இது?” மாசிலாமணி சிவந்த விரலை வேட்டியில் துடைக்காமல் தூக்கியே வைத்திருந்தார். “ஏதாவது ஒண்ணு நெத்தியில பட்டிருக்கும்லம்மா” என்றார்.