ஆண் கொசு

புனே வாகட்டில் அடுக்குமாடி கட்டும் ஜம்பு, தண்ணீர்த் தொட்டியை மூடாமலே போட்டிருந்தார். அங்கே வேலைசெய்த கிறிஸ்டோபர் டெங்குவில் இறந்தான்.

போன வாரம், அவனுடைய அக்கா சாந்தகுமாரி வேலைபார்க்கும் கொசு ஆய்வுக்கூடத்துக்கு ஜம்பு ஒரு புட்டியோடு வந்தார். அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"வீட்ல என்னை மட்டும்தாம்மா கடிக்குது. இது என்ன கொசு?"

கொசுவைக் குளிரில் மயக்கி, நுண்ணோக்கியில் வைத்தாள். உணர்கொம்புகள் இறகுபோல அடர்ந்திருந்தன, ஆண். ஆண் கொசுவின் வாயால் தோலைத் துளைக்க முடியாது. ஆனால் இதன் வயிறு நிறைய ரத்தம் இருந்தது.

"ஆண் கொசு சார். கடிக்கவே கடிக்காது. வலை கட்டாமலே தூங்குங்க."

அவர் நிம்மதியாக இறங்கிப் போனார். திரும்பப் புட்டியில் போட்ட கொசுவுக்கு மயக்கம் தெளிந்தது. அவள் ஜன்னலருகே புட்டியைத் திறந்து, "போடா தம்பி" என்றாள்.

கீழே கார்க் கதவு மூடுவதற்குள் அது உள்ளே போய்விட்டது.