வாயைப் பொத்திய கை

யானை வாழைக்கு அந்தப்புறம் நின்றது. ஆறுமுகசாமி இந்தப்புறம் நின்றான்.

நடுவில் பனி மட்டும்தான்.

மருதாத்தாள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பல் துலக்கப் போன புருஷன், ஓடைத் தண்ணீர் விழும் மூங்கில் குழாயடியில், வாயிலிருந்த பல்பொடி நுரையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றான்.

யானைக்கு இன்னும் அவனைத் தெரியவில்லை. காற்று அதன் பக்கமிருந்து இவன் பக்கம் வீசியது. தண்டு முறியும் சத்தமும் பெரிய பெரிய மூச்சும் வீடு வரைக்கும் கேட்டன.

சின்னக்கானலுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடம் அது. ஏழெட்டு வீடுகள். தங்குவதற்கு விடுதி எதுவும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் யாராவது வந்தால் ஜீப்காரர் மூக்கம்மாள் வீட்டில் கொண்டுவந்து விடுவார். அவள் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். புருஷன் இல்லை. மகன் இடுக்கி அணை வேலைக்குப் போயிருந்தான். சும்மா கிடந்த முன்னறையை வருகிறவர்களுக்குக் கொடுத்துச் சோறும் ஆக்கிப்போடுவாள்.

எலப்புள்ளியிலிருந்து இவர்கள் இவ்வளவு தூரம் வந்தது மலை பார்ப்பதற்கு அல்ல. மருதாத்தாள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசிச் சேர்த்துவைத்தார்கள். குளிர்ச்சியான இடத்தில் இரண்டு பேரும் தனியாக நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் அண்ணன் நல்லமுத்துதான் பஸ் ஏற்றிவிட்டான்.

மூக்கம்மாள் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"சத்தம் மட்டும் போட்றாத தாயி. அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிரும்."

காதோரம் மூச்சு விடுவதுபோலத்தான் சொன்னாள். சத்தம் கேட்டால் யானை வீட்டுப் பக்கம் திரும்பும், திரும்பினால் அதன் கண்ணில் முதலில் படுகிறவன் குழாயடியில் நிற்கிறவன்தான் என்றும் சொன்னாள்.

மருதாத்தாள் தலையை ஆட்டினாள்.

ஆறுமுகசாமி அவளைப் பார்த்துவிட்டான். தலை அசையவில்லை, கண் மட்டும் சன்னலுக்கு வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கண் கெஞ்சியது.

யானை காது விசிறுவதை நிறுத்தியது.

தும்பிக்கை மேலே எழுந்து, பனிக்குள் எதையோ தேடுவதுபோல அங்குமிங்கும் துழாவியது.

மருதாத்தாள் வாயைத் திறந்தாள்.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். சத்தம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மூக்கம்மாளின் கை அவள் வாயில் அழுந்தியது. கொழுந்து கிள்ளிக் காய்ப்பேறிய கை. இன்னொரு கை அவள் தலையைப் பின்னாலிருந்து வளைத்து இறுக்கிக்கொண்டது. மருதாத்தாள் திமிறினாள். வாயை மூடியிருந்த கையைக் கடித்தாள். பல் ஆழமாக இறங்கியது.

மூக்கம்மாள் கையை எடுக்கவில்லை. முனகக்கூட இல்லை.

வெளியே ஒரு தண்டு முறிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஈரச் செடிகள் உரசுகிற சத்தம் மேட்டுப் பக்கமாக ஏறிப் போனது. அப்புறம் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆறுமுகசாமி இருந்த இடத்திலேயே குந்தி வாந்தியெடுத்தான்.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். சிதைந்து கிடந்த வாழையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளை பயந்துபோய் ஒரு சத்தம் போட்டிருந்தால் ஆளைப் பொறுக்கித்தான் எடுத்திருக்க வேண்டும் என்றார் பக்கத்து வீட்டு அழகுமலை. ஆறுமுகசாமி சிரித்தான், நடுவே அழுதான். உயிர் பிழைத்தது பெண்டாட்டியால்தான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

எல்லோரும் போனபிறகு அவளிடம் வந்தான். மனுசன் அங்கே செத்துக்கொண்டிருக்கும்போது மரம் மாதிரி நின்று பார்த்தாயே என்று மெதுவாகக் கேட்டான். கேட்டுக்கொண்டே முழங்கைக்கு மேலே பிடித்து நெரித்தான். அந்த இடம் ஏற்கெனவே கன்றிப்போய் இருந்தது.

ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது, துணியை எடுத்துவை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

அடுக்களையில் மூக்கம்மாள் கடிபட்ட கையில் மஞ்சளை அப்பிக்கொண்டிருந்தாள். மருதாத்தாள் வந்ததும் அடுப்புப் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.

மூங்கில் தட்டிக்கு இந்தப்புறம் படுக்கிறவளுக்கு அந்தப்புறம் நடப்பதெல்லாம் கேட்கும் என்றாள். போக மனசில்லை என்றால் போக வேண்டியதில்லை. கொழுந்துக்கு ஆள் எடுக்கிறார்கள், கங்காணியிடம் தானே சொல்கிறேன் என்றாள். அவனிடம் பேசுவதற்கு அழகுமலையையும் ஆட்களையும் கூப்பிடலாம், மகன் வரும்வரைக்கும் முன்னறை சும்மாதான் கிடக்கிறது என்றாள்.

வெளியே தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. மருதாத்தாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளுக்குக் கீழே பல் பதிந்த இடம் வீங்கியிருந்தது.

"நானு பயந்துட்டுக் கத்தப் போகலீங்க்கா."

மூக்கம்மாள் திரும்பவில்லை. தெரியும் என்றாள்.

"தெரிஞ்சுமா என்னைய உங்க ஊட்டுல இருக்கச் சொல்றீங்க?"

மூக்கம்மாள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள். தீ பற்றியதும் நிமிர்ந்தாள்.

"எம் புருசனும் அதே குழாயடியிலதான் நின்னாரு தாயி. அன்னைக்கு என் வாயப் பொத்த இந்த வீட்டுல யாருமில்ல."