பதினேழு காய்ச்சல்கள்

2023 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. கடுமையான மாதவிடாய் வலியால் பதின்மூன்று ஆண்டுகளாகத் துன்புறும் என் மகள் றுஸ்தாவை, கல்முனையில் ஓர் அலுவலகத்தில் நடந்த விசாரணையில், பொய் கூறியவள் என்று பதிவு செய்தார்கள். இதுவே என் முறைப்பாடு.

அவள் ஆசிரியை. வயது இருபத்தேழு. தகுதிகாண் காலம் முடிய நான்கு மாதங்களே எஞ்சியிருந்தன. பொய்க் காரணம் காட்டி விடுமுறை பெற்றாள் என்பது குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் நியமனம் இரத்தாகும்.

விசாரணை நாளும் வலி நாளாகவே அமைந்தது.

சாய்ந்தமருதிலிருந்து ஓட்டோவில் சென்றோம். வீதியின் ஒவ்வொரு குழியிலும் அவள் என் முழங்கையை இறுகப் பற்றினாள். வாந்தி வந்தால் பிடிப்பதற்கு மடியில் ஒரு பொலித்தீன் பை இருந்தது.

"வாப்பா, அங்க எனக்கு வாய் வராது. நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்லுறன் மகள்" என்றேன்.

விசாரணை அலுவலர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். எழுந்து நின்று ஸலாம் சொன்னார். பக்கத்து மேசையில், கணினியின் முன், கேதீஸ்வரி என்னும் எழுதுவினைஞர் அமர்ந்திருந்தார்.

அலுவலர் கோவையைத் திறந்தார். பதினேழு கடிதங்கள். பதினேழிலும் ஒரே காரணம்: காய்ச்சல்.

"தமிழ் நல்லாத்தான் இரிக்கு. ஆனா மாசாமாசம் காய்ச்சலாம். ஏன் டீச்சர், உங்கட ஊரு நுளம்பு கலண்டர் பாத்தா கடிக்கிற?"

றுஸ்தா நாற்காலியின் விளிம்பைப் பற்றியபடி முன்புறம் வளைந்திருந்தாள். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. தலைச்சால்வையின் நுனியைப் பற்களுக்கிடையில் வைத்திருந்தாள்.

சத்தம் வராமலிருப்பதற்காக அவ்வாறு செய்வாள். வீட்டில் குளியலறைத் தரையில் கிடந்தும் அப்படித்தான் செய்வாள்.

இரண்டு முறை ஸ்கேன் எடுத்தோம். இரத்தப் பரிசோதனைகளுக்குக் கணக்கில்லை. மட்டக்களப்பில் விசேட வைத்தியரிடமும் காட்டினோம். குறைபாடு எதுவும் தென்படவில்லை என்றே எல்லா அறிக்கைகளும் கூறின. காரணம் தென்படவில்லை என்பதை, நோயே இல்லை என்று வாசித்தவர்கள் படித்தவர்கள். கலியாணம் முடித்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர்.

சென்ற மாதம் அவள் தன் தாயிடம் கெஞ்சியது அடுத்த அறையிலிருந்த எனக்குக் கேட்டது.

"உம்மா, வெட்டி எடுத்துப் போடச் சொல்லுங்க. எனக்கு ஒண்டும் வாணாம். வெட்டிப் போடச் சொல்லுங்க."

அலுவலர் கோவையிலிருந்து தலையை உயர்த்தினார். "இப்பவும் காய்ச்சல்தானோ? மிஸ், ஒருக்காத் தொட்டுப் பாருங்க."

கேதீஸ்வரி எழுந்து வந்து, றுஸ்தாவின் நெற்றியில் புறங்கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"குளுந்து கிடக்கு சேர். இது காய்ச்சல் இல்ல. இது வேற…"

"வேற என்ன?"

கேதீஸ்வரி என்னைப் பார்த்தார். பிறகு தம் இருக்கைக்குத் திரும்பிவிட்டார்.

அலுவலர் பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவரது குரல் தணிந்திருந்தது.

"சேர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. என்ன வருத்தமெண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க. அதை அப்பிடியே எழுதி இதை முடிச்சி உடுறன்."

றுஸ்தா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். அந்தச் சொல் எனக்குத் தெரியும். இங்கே முதல் பத்தியிலேயே அதை எழுதியும் இருக்கிறேன்.

"காய்ச்சல்தான்" என்றேன். "விட்டு விட்டு வரும்."

அலுவலர் பேனாவை மூடினார்.

"இப்பதானே சேர் தொட்டுப் பாத்த. இனி நான் என்ன செய்யிற?"

குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது என்று கேதீஸ்வரி தட்டச்சுச் செய்தார்.

றுஸ்தா நாற்காலியிலிருந்து மெல்லத் தரையில் இறங்கினாள். சுவரைப் பார்த்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துப் படுத்துக்கொண்டாள். ஒப்பமிட வேண்டிய தாளை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கடிதங்களை யார் எழுதியது என்று அவர்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பதினேழையும் வரைந்தவன் நான். அவள் பார்த்து எழுதி ஒப்பமிட்டாள், அவ்வளவே.

முதலாவது கடிதத்துக்கு மட்டும் அவள் தானாக ஒரு வரைவு எழுதி, பிழை பார்த்துத் தருமாறு என்னிடம் கொண்டுவந்தாள். காரணம் என்ற இடத்தில் மாதவிடாய் வலி என்று எழுதியிருந்தாள். ஆண்கள் வாசிக்கும் கடிதத்தில் இது தகாது என்று சிவப்பு மையால் அதை வெட்டினேன். மேலே காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவளுடைய கடிதத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

இதை வாசிக்கும் தகப்பன்மாரே, உங்கள் மகள் எழுதிக் கொண்டுவரும் கடிதத்தில் கைவைக்காதீர்கள். அவள் எழுதியபடியே போகட்டும். எவராவது உங்களைப் பார்த்துக் கேட்டால், அவள் பக்கத்தில் இருக்கும்போதே, வாயைத் திறந்து சொல்லுங்கள்.