மார்ச் மாதப் பொட்டலங்கள்

"சொந்தக்காரங்க யாராவது வரிசையில நின்னா இப்பவே கிளம்பிடுங்க! உள்ள வந்து ஒவ்வொரு விலைச்சீட்டையும் பார்த்து அழக்கூடாது!"

வாசற்படியில் நின்று பெவர்லி கத்தினாள். செத்தவர்களின் வீட்டுச் சாமான்களை விலை போட்டு விற்றுக்கொடுப்பது அவள் தொழில். விற்பனை நாளில் குடும்பத்தார் வரக்கூடாது என்பது அவள் சட்டம்.

வரிசையில் சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

"இந்த வீட்டுக்கு ஏது சொந்தம்?" என்றாள் டாட்டி, மார்ச் மாதக் குளிருக்குக் காப்பிக் குவளையில் கையைச் சூடாக்கியபடி. "கிழவி லிண்ட்னர் எல்லாத்தையும் சர்ச்சுக்கு எழுதி வெச்சுட்டுப் போயிட்டாளாம். ஒரு பொண்ணு உண்டாம். அடக்கத்துக்குக்கூட வரலையாம். நோரீன், கேக்குறியாடி?"

"கேக்குறேன்."

"அடுத்த வாரம் உனக்கு அறுபது வயசு. எப்பப் பாரு அடுத்தவங்களுக்கே வாங்குற. இன்னிக்கு உனக்குன்னு ஏதாவது வாங்கிக்கோ."

நோரீன் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் இப்படி வீடு வீடாகப் போகிறவர்கள். அவளுடைய மௌனம் டாட்டிக்குப் பழக்கம்.

கதவு திறந்ததும் எல்லோரும் வெள்ளிச் சாமானுக்கு ஓடினார்கள். நோரீன் நேராகக் கணப்படுப்புக்குப் போய், மேலேயிருந்த கடிகாரத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்தார் மெர்ல். டேட்டனில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்.

"அம்மா தாயே! செவ்வாய்க்கிழமை விளம்பரத்துல பார்த்ததிலேர்ந்து இந்தக் கடிகாரத்தை நெனச்சே எனக்குத் தூக்கமில்ல. குடுத்துடேன்."

"முடியாது மெர்ல்."

"உன்கிட்ட வாதாடுறதுக்கு அந்தச் சுவத்துகிட்ட பேசலாம்."

அவர் மாடிக்குப் போனார். சற்று நேரத்தில் அவர் சிரிப்பு வீடெல்லாம் கேட்டது.

"மேல வாங்க எல்லாரும்! கூத்தைப் பாருங்க!"

படுக்கையறை அலமாரியிலிருந்து அவர் இழுத்துப் போட்டிருந்தவை பொட்டலங்கள். பழுப்புக் காகிதம், வெள்ளை நூல், இரட்டை முடிச்சு. ஒரு முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. ஒவ்வொன்றின் மேலும் பெவர்லியின் பெரிய ஆரஞ்சு நிற விலைத்தாள்.

"இருபத்திரண்டு! எல்லாம் தபால்ல வந்தது. முத்திரையைப் பாருங்க, வருஷா வருஷம் மார்ச் மாசம். கிழவிக்குப் பிறந்தநாளா இருக்கும். எந்தப் புண்ணியவானோ விடாம அனுப்பியிருக்கான். ஒண்ணையாவது பிரிச்சுப் பார்த்திருக்காளா? நெஞ்சா அது, கல்லா?"

"கல்லுதான்" என்றாள் நோரீன்.

"அனுப்பினவங்க பாவம்" என்றாள் டாட்டி. "ஒவ்வொரு வருஷமும் கடையில நின்னு, இது பிடிக்குமா அது பிடிக்குமான்னு யோசிச்சு யோசிச்சு வாங்கியிருப்பாங்க."

மெர்ல் தன் போர்வையை விரித்துக் குவியலை மூடினார். இந்த விற்பனைகளில் முதலில் கையில் எடுத்தவருக்கே சரக்கு; போர்வை போட்டு மூடினாலும் அப்படித்தான். ஒரு பொட்டலத்தை மட்டும் வெளியே எடுத்துப் பேனாக்கத்தியை விரித்தார்.

"உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்துடுவோம்."

"பிரிக்காதீங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது. நோரீன் இவ்வளவு உரக்கப் பேசி டாட்டியே கேட்டதில்லை.

"எனக்குக் குடுங்க மெர்ல். அத்தனையும். பிரிக்காம, அப்படியே."

"முடியாது தாயே. இப்ப என் முறை."

நோரீன் கையிலிருந்த கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை அவரிடம் நீட்டினாள்.

டாட்டி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமாடி உனக்கு? அதை வித்தா உன் வீட்டுக் கூரையையே மாத்தலாம்! இதுக்குள்ள என்ன, பூச்சி அரிச்ச காலுறைதான் இருக்கும்!"

"இருக்கட்டும்."

அவள் மனம் மாறுவதற்குள் மெர்ல் வாங்கிக்கொண்டார். குலுக்கிப் பார்த்தார். "சாவி எங்க?"

"கடிகாரத்தோட பின்கதவுக்குள்ள, இடது பக்கம், ஆணியில தொங்கும்."

தொங்கியது. மெர்ல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் குனிந்து பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கீழே பெவர்லியின் மேசையருகே டாட்டி கேட்டாள்: "விலைத்தாளை ஏன் இவ்ளோ பெருசா ஒட்டியிருக்கீங்க?"

"செத்தவங்க பேரு ஊரு வெளிய தெரியக்கூடாது. முகவரி இருந்தா அது மேல ஒட்டிடுங்கடின்னு என்கிட்ட வேலை செய்யற பொண்ணுங்ககிட்ட சொல்லிடுவேன். அதுங்க கண்ணை மூடிட்டு ஒட்டிடும்."

டாட்டி ஒரு விளக்கைப் பார்க்க உள்ளே போனாள். பெவர்லி நோரீனின் முகத்தைக் கவனித்தாள்; இந்த வீட்டுப் படங்களில் பார்த்த கிழவியின் சாயல் அதில் இருந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"லிண்ட்னர் அம்மாவோட பொண்ணு நீங்கதானே?"

நோரீன் கைப்பையைத் திறந்தாள். "எவ்வளவு?"

"இத்தனை வருஷம் அனுப்பியும் பெத்தவ மனசு இளகலையே. எப்படித்தான் தாங்கினீங்களோ. காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

"வேண்டாம்னு சொல்லாதீங்க" என்றாள் நோரீன். நோட்டுகளை எடுத்து மேசைமேல் நகர்த்தினாள். "தயவுசெஞ்சு வாங்கிக்குங்க."

காரின் பின்னிருக்கையில் பொட்டலங்களை அடுக்கிவிட்டு அவற்றின் அருகிலேயே உட்கார்ந்தாள். டாட்டி இன்னும் வரவில்லை. மேலேயிருந்த பொட்டலத்தின் ஆரஞ்சுத் தாளை நகத்தால் மெல்ல உரித்தாள்.

அம்மாவின் சாய்வெழுத்தில் நோரீனின் பெயரும் முகவரியும் இருந்தன. அவற்றின் குறுக்கே, சிவப்பு மையில், நோரீனின் கையெழுத்தில்: 'வேண்டாம். அனுப்பியவருக்கே திருப்பவும்.'